சுற்றிச் சென்றாலும் சேர்க்கும் வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை கைக்கெட்டும் தொலைவில் நிற்பதுபோல் தோன்றும். ஆயினும் கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்குச் செல்வோர் எவரும் நேர்க்கோட்டில் ஏறிவிட இயலாது. கொண்டை ஊசி வளைவுகள் அவரைத் திருப்பித் திருப்பி அழைத்துச் செல்கின்றன. எந்த உச்சியை அடைய விரும்புகிறாரோ, அந்த உச்சிக்கே முதுகைக் காட்டிச் சற்றுத் தூரம் செல்ல வேண்டியிருக்கிறது. முதன்முறை வருகிறவர், வழி தவறிவிட்டோமோ என்று ஐயுறுவார். மலையில் வாழும் மக்களுக்கு அந்த ஐயம் எழுவதில்லை. வளைவும் வழியின் ஒரு பகுதியே என்பதை அவர்கள் கால்கள் அறியும்.

இதே உண்மையைக் கோயிலின் தரையில் கல்லால் பதித்து வைத்த ஒரு மரபு நம் திருச்சபையில் உண்டு. மேல்நாட்டார் அதை ‘லாபிரிந்த்’ என்பர். நாம் அதனைச் சுற்றுவழி என்று அழைப்போம். நம் பங்குகளில் இது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஆனால் அதன் வடிவம் நம் மண்ணுக்குப் புதியதன்று.

சுற்றுவழி என்பது யாது?

ஒரு வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்வோம். பொருட்காட்சிகளிலும் சிறுவர் இதழ்களிலும் காணப்படும் மயக்குவழி வேறு. நாம் பேசும் சுற்றுவழி வேறு. மயக்குவழியில் பல கிளைகள் இருக்கும். முட்டுச் சந்துகள் இருக்கும். அதில் நுழைந்தவர் தம் அறிவுத் திறத்தால் வெளியேற வேண்டும். சுற்றுவழியிலோ ஒரே ஒரு பாதைதான். கிளை இல்லை, முட்டும் இல்லை. அது வட்டவட்டமாய் மடிந்து மடிந்து சென்று, இறுதியில் நடுவிடத்தை அடைகிறது. நடப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே: அடுத்த அடியை எடுத்து வைப்பது. எங்கே திரும்புவது என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நின்றுவிடாமல் இருந்தால் போதும். பாதையே அவரைக் கொண்டு சேர்க்கும்.

நம் நாட்டில் அதன் சுவடுகள்

கல்வராயன் மலைத்தொடருக்கு அப்பால் வடமேற்கே, தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் கற்களை வரிசையாக அடுக்கி அமைத்த பழைமையான வட்டச் சுற்றுவழி ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணிப் பகுதியிலும் இத்தகைய கல்லமைப்பு உள்ளது. ஆய்வாளர் இவற்றைப் ‘புதிர்நிலை’ என்று குறிப்பிடுவர். ஏழு வளையங்கள் கொண்ட வடிவத்தை ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்பது நாட்டு வழக்கு. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கெடிமேட்டில் பக்கத்துக்கு 56 அடி கொண்ட சதுரச் சுற்றுவழி கண்டறியப்பட்ட செய்தி 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமை உடையது என்று ஆய்ந்தோர் கூறினர். கிரேக்க நாட்டுப் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1200-ஐ ஒட்டிய களிமண் ஏடு ஒன்றின் பின்புறத்திலும் இதே போன்ற சதுரச் சுற்றுவழி கீறப்பட்டிருக்கிறது. எங்கோ இருக்கும் கிரேக்கமும் நம் கொங்கு நாடும் ஒரே உருவத்தை வரைந்திருப்பது வியப்பன்றோ?

கருநாடகத்து ஹளேபீடு கோயிலில், அபிமன்யு சிக்கிய சக்கர வியூகம் சுற்றுவழி வடிவில் செதுக்கப்பட்டுள்ளது. அது 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில். ஜான் லேயர்டு என்னும் ஆங்கில மானிடவியலார், தமிழ்ப் பெண்கள் வாசலில் இடும் கோலங்களையும் உடலில் குத்திக்கொள்ளும் பச்சையையும் இம்மரபோடு இணைத்து 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலத்தை நாள்தோறும் இடும் நம் தாய்மாருக்குச் சுற்றுவழியின் இலக்கணத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கோயிலுக்குள் வந்த கதை

கிரேக்கரின் பழங்கதை ஒன்று உண்டு. கிரீட் தீவில் தேதாலுஸ் என்னும் சிற்பி சிக்கலான மாளிகை ஒன்றைக் கட்டினான். அதனுள் மனிதரை விழுங்கும் எருதுத்தலை அரக்கன் அடைக்கப்பட்டிருந்தான். தேசேயுஸ் என்னும் வீரன், அரியத்னே என்ற பெண் தந்த நூலைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்று, அரக்கனைக் கொன்று, அதே நூலைத் தொடர்ந்து மீண்டு வந்தான். கிறிஸ்தவர்கள் இக்கதையைப் புதுக்கண்ணோடு நோக்கினர். சாவின் பாதாளத்துக்குள் இறங்கி, பகைவனை வென்று, அடைபட்டோரை மீட்டு எழுந்த நம் ஆண்டவரின் சாயலை அதில் கண்டனர். இத்தாலியின் லுக்கா நகரப் பேராலய முகப்புத் தூண் ஒன்றில் சிறியதொரு சுற்றுவழி செதுக்கப்பட்டிருக்கிறது; அதன் அருகே இப்பழங்கதை இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே நடக்க இடமில்லை. விரலால் தொட்டுத் தொடரலாம்.

கிறிஸ்தவ ஆலயத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சுற்றுவழி வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அல்ஜீரியாவில், பிரெஞ்சு ஆட்சியில் ஓர்லேயான்வில் என்றும் இன்று ஷிலெஃப் என்றும் வழங்கும் ஊரில், கி.பி. 324-இல் தொடங்கப்பட்ட ஆலயத்தின் தரையில் அது சிறுகற்களால் இழைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் அரக்கன் இல்லை, வீரனும் இல்லை. ‘புனித திருச்சபை’ என்னும் பொருள்படும் இலத்தீன் எழுத்துகளே உள்ளன. எப்பக்கமாக வாசித்தாலும் அதே சொற்கள் வருமாறு அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. வழி எத்தனை மடிந்தாலும் முடிவில் தாயின் வீட்டுக்கே வந்து சேர்கிறோம் என்று அந்த எளிய மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பார்கள் என எண்ணத் தோன்றுகிறது.

இம்மரபு மலர்ந்தது பிரான்சு நாட்டுப் பேராலயங்களில். அவற்றுள் சிறந்தது சார்த்ரு நகரில் அன்னை மரியாவின் பேராலயத்தில் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அதன் குறுக்களவு ஏறத்தாழ 42 அடி. 11 வளையங்களாக மடிந்துள்ள பாதையை நீட்டி அளந்தால் 260 மீட்டருக்குச் சற்று அதிகமாகும். வாயிலிலிருந்து நடுவிடம் இருபதடி தூரந்தான். அந்த இருபதடிக்காக இத்தனை நடை!

அப்பாதையின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே நுழைந்த சிறிது நேரத்திலேயே நடப்பவர் நடுவட்டத்தின் ஓரத்துக்கு வந்துவிடுவார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். உடனே பாதை அவரை வெளியே திருப்பிவிடும். பின்னர் உள்ளும் புறமுமாய் நெடுநேரம் அலைந்து, கடைசியில் யாவற்றுக்கும் வெளியேயுள்ள விளிம்புக்கே வந்துவிடுவார். இனி நடுவிடத்தை அடையவே மாட்டோம் என்று தோன்றும் அந்த விளிம்பிலிருந்து சில திருப்பங்களே; நடுவிடம் எதிரில் நிற்கும். அண்மையில் இருந்தபோது உண்மையில் தொலைவில் இருந்தார். தொலைவில் இருந்தபோது அண்மையில் இருந்தார்.

ஒசேர் நகர ஆலயத்தில் உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் குருக்கள் சுற்றுவழியின்மீது கைகோத்து, பந்தை ஒருவருக்கொருவர் வீசி, உயிர்ப்புப் பாடலைப் பாடிக்கொண்டே ஆடினர் என்று 1396-ஆம் ஆண்டுக் குறிப்பு தெரிவிக்கிறது. 1538-இல் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. ரேம்ஸ் பேராலயத்துச் சுற்றுவழியைச் சிறுவர்கள் ஓடியாடும் களமாக்கி, வழிபாட்டுக்கு இடையூறு செய்தனர் என்று 1779-இல் பெயர்த்தெடுத்துவிட்டனர். அமியேன் நகரில் 1288-இல் அமைந்ததும் 19-ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டு, அந்நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் பதிக்கப்பட்டது. சார்த்ருவில் உள்ளது அழிவிலிருந்து தப்பியது.

எருசலேமுக்கு வழியா?

புனித நாட்டுக்குச் செல்ல இயலாதோர், அதற்கு ஈடாகச் சுற்றுவழியை முழந்தாளில் கடந்தனர் என்று பல நூல்களில் படிக்கிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அவ்வாறு நடந்ததாகக் கூறும் இடைக்காலச் சான்று எதுவும் இல்லை. ‘எருசலேம் பாதை’ என்னும் பெயரே பிற்காலத்து எழுத்துகளில்தான் வருகிறது. பக்திக்குப் பொய்யின் துணை வேண்டியதில்லை. ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்வதே நன்று.

எருசலேமை ஊர்தோறும் கொண்டுவந்தது சிலுவைப்பாதைதான். 1342 முதல் புனித இடங்களைக் காத்துவரும் பிரான்சிஸ்கன் துறவியர் அதைப் பரப்பினர். 1731-இல் திருத்தந்தை 12-ஆம் கிளமெந்து நிலைகள் பதினான்கு என உறுதிசெய்தார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் பங்குக் கோயிலின் சுவரோரம் நாம் செல்லும் அந்தச் சில அடிகள், எருசலேமின் தெருக்களில் நடக்கும் அடிகளே. வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடக்கிறோம். 1711-இல் தமிழகம் வந்த வீரமாமுனிவரின் நினைவு மணக்கும் கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையிடம் நடக்கிறோம். கால்களால் செபிப்பது நம் மக்களின் இரத்தத்தில் ஊறியது. சுற்றுவழி அந்தக் குடும்பத்தில் ஓர் இளைய உறுப்பினர் என்று கொள்வோம்.

இன்று இம்மரபு புத்துயிர் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கிரேஸ் பேராலயத்தில், லாரன் ஆர்ட்ரெஸ் என்னும் அருட்பணியாளர் 1991-இல் சார்த்ரு வடிவத்தைத் துணியில் வரைந்து விரித்தார். அது முதல் பல நாடுகளில் தியான இல்லங்களும் மருத்துவமனைகளும் இதை அமைத்துள்ளன. சார்த்ரு ஆலயத்திலும் தவக்காலம் முதல் அக்டோபர் இறுதிவரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை அகற்றி, மக்கள் நடக்க வழிவிடுகின்றனர்.

விவிலியத்தின் சுற்றுவழிகள்

இறைவன் தம் மக்களை எகிப்திலிருந்து விடுவித்தபோது எவ்வழியே நடத்தினார்? கடலோரமாய்ப் பெலிஸ்தியர் நாட்டின் வழியே சென்றிருந்தால் சில வாரங்களில் கானானை அடைந்திருக்கலாம். அவ்வழி அருகில் இருந்தும் அவர் அதில் நடத்தவில்லை என்று விடுதலைப் பயண நூலின் 13-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே கூறுகிறது. போரைக் கண்டதும் அவர்கள் அஞ்சி எகிப்துக்கே திரும்பிவிடக் கூடாதென்று பாலைநிலத்தின் வழியே சுற்றி அழைத்துச் சென்றாராம். நீண்ட வழி தண்டனையாகத் தரப்படவில்லை. அவர்களுடைய வலுவின்மையை அறிந்த தந்தையின் பரிவாகத் தரப்பட்டது. நாற்பது ஆண்டு அலைந்ததற்கு அவர்களுடைய நம்பிக்கையின்மையும் காரணம் என்பது உண்மையே. ஆயினும் அந்த ஆண்டுகளிலும் மேகத்தூண் அவர்களை விட்டு அகலவில்லை.

இணைச்சட்ட நூலின் 2-ஆம் அதிகாரத்தில், அம்மக்கள் சேயீர் மலையை நெடுநாள் சுற்றிச் சுற்றி வந்தது கூறப்பட்டுள்ளது. பிறகு ஒருநாள், சுற்றியது போதும், வடக்கே திரும்புங்கள் என்று ஆண்டவர் பணித்தார். மலையைச் சுற்றும் நாள்களுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் குறிப்பவர் அவரே. நம் கல்வராயன் மலைமக்களும் இதனை ஒருவாறு அறிந்தவர்கள். நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னரும் அவர்கள் ஜாகீர்தார்களின் ஆளுகைக்குக் கீழேயே இருந்தனர். 1976-இல்தான் அம்முறை ஒழிந்தது. சுதந்திரம் மலையேறி வர 29 ஆண்டுகள் ஆயின!

எம்மாவு சென்ற சீடர் இருவரையும் நினைப்போம். எருசலேமுக்கு முதுகைக் காட்டி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடந்தனர். அந்தத் தவறான திசையிலும் ஆண்டவர் அவர்களோடு நடந்தார். அப்பம் பிட்கையில் அவரைக் கண்டுகொண்டதும், வந்த வழியே அன்றிரவே திரும்பினர். சுற்றுவழியிலும் நடுவிடத்தை அடைந்தவர் அங்கேயே தங்கிவிட முடியாது. சென்ற பாதையிலேயே மீண்டு, வீட்டுக்கும் வேலைக்கும் அண்டை வீட்டாருக்கும் திரும்ப வேண்டும்.

வளைவு வேறு, கோடு தாண்டுதல் வேறு

இங்கே ஒரு கேள்வி எழலாம். ‘எல்லா வழியும் இறைவனிடமே சேர்க்கும், ஆகவே எப்படியும் வாழலாம் என்று இது போதிக்காதா?’ போதிக்காது. வாழ்க்கையில் முட்டுச் சந்துகள் உண்டு. அழிவுக்குச் செல்லும் அகன்ற பாதையும் உண்டு என்று ஆண்டவரே எச்சரித்திருக்கிறார். சுற்றுவழி என்னும் உவமை, கிறிஸ்துவின் பாதையில் கால் வைத்தவருக்கே பொருந்தும். அப்பாதையில் வளைவு பாவமன்று. நோய் ஒரு வளைவு. வேலையின்மை ஒரு வளைவு. நெடுநாள் செபித்தும் பிள்ளைப்பேறு வாய்க்காமை ஒரு வளைவு. பிழைப்புக்காக மலையை விட்டு வெளியூர் சென்ற மகனை எதிர்நோக்கும் தாயின் நாள்கள் ஒரு வளைவு. பொறுமையிழந்து குறுக்கே கோட்டைத் தாண்டுவதே பாவம். நடுவழியில் உட்கார்ந்துவிடுவதே சோர்வு.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நஞ்சு கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்துயரத்தை எந்த உவமையாலும் மெழுகிவிட நாம் துணியோம். அது கடவுள் வரைந்த வளைவன்று; மனிதரின் பேராசை செய்த கொடுமை. ஆனால் அதன்பின் பல இல்லங்களில் குடியை விட்டுவிட உறுதி பூண்டவர்கள் இருப்பார்கள். அவர்களுள் சிலர் மூன்று மாதம் நின்று, நான்காம் மாதம் விழுந்திருப்பார்கள். விழுந்தது பாவமே, அதை மறைக்க வேண்டாம். ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. மருத்துவ உதவியும் இருக்கிறது. ஆனால், ‘இனி உனக்கு வழியே இல்லை’ என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. விளிம்புக்கு வந்துவிட்டவர் நடுவிடத்துக்குச் சில திருப்பங்களே தொலைவில் இருக்கக்கூடும். கோட்டைத் தாண்டியவர் மீண்டும் பாதையில் கால் வைக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொள்வது குடும்பத்தின் கடமை. பங்கின் கடமையும் ஆகும். அரியத்னேயின் நூல் அத்தகைய அன்பேயன்றி வேறென்ன?

எச்சரிக்கையும் வழிமுறையும்

சுற்றுவழியில் மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. அதைச் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கை பல இடங்களில் உண்டு. அது நமக்கு உரியதன்று. பூமியின் சக்தி அதில் பாய்கிறது என்று கூறுவோரையும் நாம் பின்பற்றலாகாது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-இல் கிறிஸ்தவ தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடல் நமக்கு நல்ல அளவுகோல் தருகிறது. பிற மரபுகளின் முறைகளைக் கிறிஸ்தவமல்ல என்பதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை; பயனுள்ளதை ஏற்கலாம்; ஆனால் செபம் என்பது கடவுளோடு ஆள்தன்மையுள்ள உறவு என்னும் உண்மை மங்கிவிடக் கூடாது என்பது அதன் சாரம். திருப்பலிக்கோ செபமாலைக்கோ சிலுவைப்பாதைக்கோ இது மாற்றாகாது. துணையாகலாம்.

விரும்பும் குடும்பங்களும் இளைஞர் குழுக்களும் முப்பதடி முற்றத்தில் கோலமாவால் இதனை வரைந்துகொள்ளலாம். முதலில் ஒரு சிலுவையை வரைக. அதன் நான்கு மூலைகளிலும், வெளிப்புறம் நோக்கி விரியுமாறு, ‘ட’ வடிவக் கோணம் ஒவ்வொன்று. ஒவ்வொரு கோணத்துக்கும் வெளியே ஒரு புள்ளி. சிலுவையின் மேல்முனையை அதன் வலப்புறத்து அடுத்த முனையோடு வளைகோட்டால் இணைக்க வேண்டும். அதன்பின் இடப்புறத்து அடுத்த முனையை, முந்தைய வளைவுக்கு மேலாகக் கொண்டுவந்து, வலப்புறத்து அடுத்த முனையோடு சேர்க்க வேண்டும். இவ்வாறே புள்ளிகளையும் முனைகளாகக் கொண்டு எட்டு வளைவுகள் இட்டால் ஏழு சுற்றுகள் கொண்ட பழைய வடிவம் தயார். கோடுகளுக்கிடையே ஒன்றரை அடி இருக்கட்டும். சிலுவையின் கீழ்முனைக்கு இடப்புறமே வாயில். இவ்வடிவம் கிறிஸ்துவுக்கு முன்னரே இருந்தது. ஆயினும் சிலுவையிலிருந்து அது விரிவதைக் காணும் கிறிஸ்தவ உள்ளம் சும்மா இருக்குமோ?

நுழையுமுன் சிலுவை அடையாளம் வரைந்து, மனத்தை அழுத்தும் ஒன்றை ஆண்டவரிடம் சொல்லுங்கள். உள்ளே செல்கையில் அதைச் சிறிது சிறிதாக அவர் கையில் விட்டுவிடுங்கள். இயேசுவின் திருப்பெயரையோ அருள் நிறைந்த மந்திரத்தையோ மெல்லச் சொல்லலாம். நடுவிடத்தில் பேசாமல் நில்லுங்கள். அது கேட்கும் இடம். திரும்புகையில் நன்றி கூறி, இன்று செய்ய வேண்டிய ஒரு நற்செயலைத் தீர்மானியுங்கள். எதிரில் வருபவருக்கு ஒதுங்கி வழிவிடுங்கள், அதுவும் செபமே. நடக்க இயலாத முதியோர்க்குத் தாளில் வரைந்து தந்தால் விரலால் தொடர்வார்கள். அவர்களுடைய சுருங்கிய விரல்கள் நம் கால்களைவிடத் தொலைவு செல்லும். சிறுவர்கள் ஓடினால் அதட்ட வேண்டாம். ரேம்ஸ் நகரத்தார் அவர்களைத் தடுக்கச் சுற்றுவழியையே இழந்தார்கள்.

உங்கள் குடும்பத்தின் வழி இன்று எத்திசையில் திரும்பியிருக்கிறது என்பதை நாம் அறியோம். நடுவிடத்துக்கு அருகில் இருப்போர் செருக்குற வேண்டாம். விளிம்பில் இருப்போர் கலங்க வேண்டாம். ‘நானே வழி’ என்று சொன்னவர் வழியின் முடிவில் மட்டும் நம்மை எதிர்பார்த்து நிற்பவரல்லர். ஒவ்வொரு திருப்பத்திலும் உடன் நடப்பவர். அடுத்த அடியை எடுத்து வைப்போம்.